வெள்ளைப் பஞ்சும் கிளட்ச் இல்லாத வேனும்

நான் எழுதிய அலுவல் கடிதங்களுள் மிக நன்றாக அமைந்தது எது என்று கேட்டால், தயங்காமல் ஒன்றைச் சொல்வேன். ஒன்றரைப் பக்கம், நல்ல ஆங்கிலம், ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. அதிலிருந்த ஒவ்வொரு வாக்கியமும் இலக்கணப்படி சரி. அதில் சொல்லியிருந்த காரணம் முழுக்கத் தவறு. அந்தக் கடிதத்தால் ஒரு மனிதருடைய வேலை போக இருந்தது. வாகனத் தொழிலுக்கு வருகிற இளையவர்கள் என்னைப்போல அழகாகத் தவறு செய்யாமலிருக்க, நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. இராஜபாளையத்தில் ஒரு மோட்டார் ஒர்க் ஷாப்பில் ஸ்டோர்ஸும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பில் இருந்தன. இயற்பியலில் பட்டம் பெற்று, விடுப்பில் போன ஓர் ஆசிரியைக்குப் பதிலாக ஆறு மாதம் பாடம் நடத்தி, அவர் திரும்பி வந்த மறுநாளே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் நான். ஒர்க் ஷாப் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றழைக்கும். ஆங்கிலத்தில் வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் வேண்டும் என்று அவர் என்னை அமர்த்திக்கொண்டார். அங்கே எல்லோரும் என்னை 'டீச்சர்' என்றார்கள். அதில் மரியாதை பாதி, கேலி பாதி. நான் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

1. மூன்றாவது பெடல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டுச் சபை ஒன்று பழைய வேன் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. எங்கள் பக்கத்தில் அப்போது அப்படி இன்னொன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அதை ஓட்டியவர் ஞானமுத்து. நாற்பது வயதிருக்கும். முன்பு லாரி ஓட்டியவர். பாரத்தின் மேலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காமல் போயிற்று. கிளட்ச்சை மிதிக்கும் வலு அந்தக் காலில் இல்லை. அதனால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, அவருக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கேட் வாட்ச்மேனாக இருந்தார். கிளட்ச்சே இல்லாத வேன் வந்து இறங்கியதும், ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாராம். இதை ஞானமுத்து என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் 'சாவி' என்று சொல்லும்போது கையை விரித்துக் காட்டினார்.

வண்டி முதல்முறை சர்வீசுக்கு வந்தபோது, எங்கள் தலைமை மெக்கானிக் சுப்பையா மேஸ்திரி குனிந்து உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முப்பது வருசமா கிளட்ச் பிளேட்டு மாத்தியே வயித்தக் கழுவுதேன். மூணாவது பெடலே இல்லாத வண்டியக் கொண்டாந்து நிப்பாட்டினா, நான் எதை நம்பிக் கழட்ட?"

"புத்தகம் இருக்கிறது மேஸ்திரி. நான் படித்துச் சொல்கிறேன்," என்றேன்.

"புஸ்தகம் ஸ்பேனர் புடிக்குமா?"

"ஏன்வே, டீச்சர் சொல்லுதாவல்லா? செய்யும்," என்று அண்ணாச்சி முடித்துவைத்தார்.

2. பளபளப்பு

சாதாரண வண்டியில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிளட்ச் பிளேட் உட்கார்ந்திருக்கும். நம் கால் அதைச் சேர்க்கும், பிரிக்கும். ஆட்டோமேட்டிக் கியரில் அந்த வேலையை எண்ணெயின் அழுத்தம் செய்கிறது. கியர் பாக்ஸின் அடியில் தட்டுப் போன்ற ஆயில் சேம்பர். அதிலிருக்கும் சிவப்பு எண்ணெயை ஒரு பம்ப் ஃபில்டர் வழியாக உறிஞ்சி மேலே தள்ளும். அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் பிளேட்டுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். எண்ணெய் போதாமல் போனால் பிடி தளரும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது. இதைத்தான் ஸ்லிப் ஆகிறது என்கிறோம். அதனால் குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றி, ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

இவ்வளவையும் நான் ஒரே இரவில் வேனோடு வந்த கையேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டேன். கையேட்டின் தொடக்கத்தில் 'முன்னெச்சரிக்கைகள்' என்று நான்கு பக்கம் இருந்தது. அவை அரைகுறையாகப் படிக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை என்று தீர்மானித்து, அந்த நான்கு பக்கங்களையும் புரட்டிவிட்டு நேராகச் செய்முறைக்குப் போனேன்.

மறுநாள் முக்காலியில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்தார்.

"டீச்சர், பாடத்த மெதுவா நடத்துங்க. மூஞ்சியில ஊத்துது."

சேம்பர் இறங்கியது. ஃபில்டர் கம்பி வலையாலானது, பெட்ரோலில் கழுவினோம். துடைப்பதற்கு ஸ்டோர்ஸிலிருந்து காட்டன் வேஸ்ட் எடுத்துக் கொடுத்தேன். நூல் மில்லில் மிஞ்சும் நூல் பிசிறு அது. மூட்டையாக எங்களுக்கு வரும். ரகம் தெரிவதற்காக மில்லில் சாயம் தோய்த்த நீல நூல் அதில் ஆங்காங்கே கலந்திருக்கும். எங்கள் ஊரில் கை துடைக்க, டீ கொட்டினால் துடைக்க, சாமி படம் துடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். இராஜபாளையத்தில் யாரும் பஞ்சைச் சந்தேகிப்பதில்லை.

வழக்கமான அழுக்கு வேஸ்ட்டைக் கொடுக்காமல், மூட்டையிலேயே வெள்ளையானதாகத் தேர்ந்து கொடுத்தேன் என்பது என் அப்போதைய பெருமை. சேம்பரின் உட்புறம், வலை, மேலே தெரிந்த வால்வுகளின் முகப்பு என்று ஒன்றுவிடாமல் துடைக்கச் சொன்னேன். சேம்பரில் என் முகம் தெரிந்தது.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஆஸ்பத்திரி வண்டியில்லா! ஆபரேசன் தியேட்டர் கணக்கா இருக்கு."

நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்த அடக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

3. கடிதம்

நான்கு மாதம் கழித்து ஞானமுத்து வந்தார். முகம் சரியில்லை.

"டீச்சர், அவன் கத்துதான். நகரமாட்டேங்கான்." வேனை அவர் 'அவன்' என்றுதான் சொல்வார். "பத்து மைலு நல்லா வாரான். பொறவு இன்ஜின் மட்டும் ஊளையிடுது. செத்த நேரம் ஆஃப் பண்ணி நிப்பாட்டிப் போட்டு எடுத்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி போறான். பொறவும் பத்து மைலு."

முந்தின வாரம் மகாராஜபுரம் மருத்துவ முகாமிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றி வரும்போது, வ. புதுப்பட்டி தாண்டி வண்டி நின்றுவிட்டதாம். அவளை டவுன் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் டாக்டரம்மா, கோளாறு என்ன என்று ஒர்க் ஷாப் எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்.

நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது, மேஸ்திரியிடம் சேம்பரைக் கழற்றச் சொல்வதுதான். மேஸ்திரியும் சொன்னார்.

"ஒருக்கா இறக்கிப் பாத்துருவமா டீச்சர்?"

"நான்கு மாதத்துக்கு முன்புதானே நாமே சுத்தம் செய்தோம்? அங்கே பார்க்க ஒன்றும் இல்லை," என்றேன். டிப்ஸ்டிக் கம்பியில் எண்ணெயின் அளவு பார்த்தோம். கையேட்டில் சொன்னபடி, இன்ஜினை ஓடவிட்டு, சூட்டோடு பார்த்தோம். சரியாக இருந்தது. அதோடு என் சந்தேகத்திலிருந்து என்னையே விடுவித்துவிட்டேன்.

மிஞ்சியவர் ஓட்டுநர். அந்தக் கையேட்டின் பின்பகுதியில், பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் கியர் எண்ணெய் சூடேறி ஸ்லிப் ஆகும் என்று ஒரு வரி இருந்தது. ஞானமுத்துவின் மடங்காத இடது கால் நினைவுக்கு வந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கால் பிரேக்கின்மேல்தானே கிடக்க வேண்டும்? வண்டியையும் திறக்காமல், அவர் உட்காரும் விதத்தையும் பார்க்காமல், நாற்காலியை விட்டு எழாமல் கண்டுபிடித்தேன். ஒரு துப்பறிவாளரின் பெருமிதம் எனக்கு வந்தது.

கடிதத்தை எழுதினேன். 'ஓட்டுநரின் உடல்நிலை இவ்வகை வாகனத்துக்கு உகந்ததன்று எனக் கருத இடமுண்டு' என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதை மூன்று முறை மாற்றி எழுதி மெருகேற்றினேன். உறையிலிட்டு ஒட்டி, ஞானமுத்துவிடமே கொடுத்தனுப்பினேன்.

"உங்க எழுத்துன்னா டாக்டரம்மாவுக்கு அம்புட்டு நம்பிக்க டீச்சர்," என்றார். மடங்கிவிடக் கூடாது என்று செய்தித்தாளுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

4. நீல நூல்

பத்து நாள் கழித்து வேன் மீண்டும் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் அந்தச் சிறு தூரத்துக்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஓட்டி வந்திருந்தார்.

"சனிக்கிழம வண்டியப் பாக்க மதுரையிலிருந்து ஆள் வாராவ. வித்துட்டு ஜீப்பு வாங்கப் போறாவளாம். அதுவரைக்கும் நகருற மாதிரி செஞ்சு குடுங்கன்னு டாக்டரம்மா சொல்லிவிட்டாவ."

"ஜீப்பை யார் ஓட்டுவார்கள்?"

"அதுக்குக் கிளட்ச் உண்டுல்லா? புது ஆளு. நான் பழையபடி கேட்டுக்குப் போறேன்." செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் காலு பிரேக்குமேல கெடக்குன்னு யாரோ எழுதிட்டாவளாம். நான் ஒருநாளும் வச்சதில்ல டீச்சர். நீங்க ஒரு வார்த்த எடுத்துச் சொன்னா அவிய கேப்பாவ."

யாரோ. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள நிறைய இடமிருந்தது. ஒரு நிமிடம் ஒளிந்தும் பார்த்தேன்.

பிறகு, "எப்படி உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள் என்று காட்டுங்கள்," என்றேன். கடிதம் எழுதுமுன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கதவைத் திறந்து ஏறினார். பிரேக்குக்கு இடப்பக்கம் தள்ளித் தரையில் ஒரு மரக்கட்டை திருகி வைக்கப்பட்டிருந்தது. மேலே சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. இடது காலைக் கையால் தூக்கி அந்தக் கட்டையின்மேல் வைத்தார். பாதம் இடப்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றது. அதற்கும் பிரேக்குக்கும் நடுவே நன்றாக ஒரு சாண் இருந்தது.

"காலு தானா நழுவி எங்கயும் படக்கூடாதுன்னு வண்டி வந்த மறுநாளே நானே செஞ்சது," என்றார்.

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போனார். கால் மணி நேரத்தில் சேம்பர் இறங்கியது.

"டீச்சர், இன்னிக்குப் பாடம் வேண்டாம். கீழ வந்து பாருங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிக்கு அடியில் முதன்முதலாகப் படுத்தேன். ஃபில்டர் வலை தெரியவில்லை. அதன்மேல் கம்பளித் துண்டு போல ஒன்று அப்பியிருந்தது. மேஸ்திரி விரலால் உரித்தார். தோசை போலக் கழன்று வந்தது. வெளிச்சத்தில் நீட்டினார். பழுப்பேறிய பஞ்சு. நடுவே நீல நூல்.

"இது நம்ம மூட்டையில்லா?" என்றார் மெதுவாக.

எங்கள் மூட்டைதான். நான் பொறுக்கிக் கொடுத்த வெள்ளைப் பஞ்சுதான். துடைத்த இடத்திலெல்லாம் இழை இழையாய் ஒட்டிக்கொண்டு, எண்ணெயோடு சுற்றி, நான்கு மாதத்தில் வலையில் வந்து படிந்திருக்கிறது. வலை அடைபட்டதும் பம்ப்புக்கு எண்ணெய் போதவில்லை. வண்டியை நிறுத்தினால் உறிஞ்சுவது நிற்கும்; படிந்த பஞ்சு கொஞ்சம் தளர்ந்து கீழே இறங்கும்; எடுத்தால் ஓடும். பத்து மைலில் மீண்டும் மேலேறி அடைக்கும். ஞானமுத்து இதைத்தான் என்னிடம் சொன்னார். நோயாளி இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் காதில் வாங்காத வைத்தியரைப் போல, அதை நான் கடிதத்தில் சேர்க்கவேயில்லை.

கையேட்டை எடுத்து முன்னெச்சரிக்கைகள் பக்கத்தைத் திறந்தேன். கட்டம் கட்டி அச்சிட்டிருந்தார்கள். உட்புறத்தைத் துடைக்கக் கழிவுப் பஞ்சோ இழை பிரியும் துணியோ கூடாது. நைலான் துணியால் மட்டும் துடைக்க வேண்டும்.

ஞானமுத்து வாசலில் நின்றிருந்தார். போய் அவர் முன்னால் நின்றேன்.

"அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான்."

"தெரியும் டீச்சர். கொண்டு போனது நான்தானே?"

"பிறகு ஏன் யாரோ என்றீர்கள்?"

"உங்க மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல?" என்றார். பிறகு, "இன்னிக்குப் புதங்கிழம. சனிக்கிழமைக்குள்ள ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார்.

5. கிளிப்பச்சை

பிளேட்டுகள் கருகியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மேஸ்திரி பழைய எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார்; நெடுநேரம் முகர்ந்தார். கருகிய வாடை லேசாக இருந்தது. நிறம் மங்கியிருந்தாலும் சிவப்பு போகவில்லை.

"காப்பி டிகாசன் கணக்கா ஆயிருந்தா கைய விரிச்சிருப்பேன். இது தப்பிச்சிரும்னு தோணுது. சத்தியம் பண்ண மாட்டேன்."

வியாழக்கிழமை காலை மதுரைக்கு பஸ் ஏறி, கடை கடையாகக் கேட்டு, எட்டு லிட்டர் சிவப்பு எண்ணெய் வாங்கினேன். அவர்கள் பிளாஸ்டிக் கேன்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். திரும்பும்போது கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கலியாண வீட்டுக்கு ரோஸ் மில்க்கா?"

"இல்லை. ஒரு தப்புக்குக் கஷாயம்," என்றேன். அவர் மறுபடி என் பக்கம் வரவில்லை.

துடைக்கும் துணிக்குத்தான் திண்டாட்டம். பஞ்சும் நூலும் புரளும் ஊரில் இழை விடாத துணி எங்கே கிடைக்கும்? எங்கள் ஒர்க் ஷாப்புக்கு அடுத்த கட்டடமே ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் இடம். காற்றிலேயே பஞ்சு பறக்கும். வீட்டில் என் அலமாரியைக் குடைந்தபோது, அக்கா எனக்கு வாங்கித் தந்த கிளிப்பச்சை நைலான் சேலை கண்ணில் பட்டது. அதை நான் இருமுறைக்கு மேல் உடுத்தியதில்லை. கத்தரியோடு கொண்டுவந்து நான்காகக் கிழித்தேன்.

"சேலையவா கிழிக்கிய? கோயில் கொடைக்கு உடுத்துதாப்புல இருக்கே," என்றார் மேஸ்திரி.

"இதை உடுத்தினால்தான் எல்லோரும் சிரிப்பார்கள். துடையுங்கள்."

கதவுகளைச் சாத்தினோம். பறக்கும் பஞ்சு அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்தோம். மேஸ்திரி சட்டையைக் கழற்றி வெளியே போய் உதறிவிட்டு வந்தார். சேம்பர், வலை, இரும்புத் துகளைப் பிடிக்கச் சேம்பருக்குள் வைத்திருந்த காந்தம் எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவிக் காற்றடித்து, நைலானால் மட்டும் துடைத்தோம். கைகளை யாரும் துடைக்கவில்லை. பந்தியிலிருந்து எழுந்தவர்களைப் போலக் கழுவி உதறிக்கொண்டோம். சேம்பரைக் கழற்றினாலும் பாதி எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். அதில் பஞ்சும் மிதக்கும். எனவே புது எண்ணெய் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, வெள்ளிக்கிழமை மறுபடி இறக்கினோம். வலையில் மெல்லிய படலமாக இன்னும் கொஞ்சம் பஞ்சு. அதையும் கழுவி, மீதி எண்ணெயை ஊற்றினோம்.

6. வ. புதுப்பட்டி தாண்டி

சனிக்கிழமை காலை நானும் வேனில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். டாக்டரம்மா வெள்ளைச் சேலையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பஞ்சுத் தோசையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். மேசைமேல் பிரித்து வைத்து, நடந்ததை எதையும் மெருகேற்றாமல் தமிழில் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த லெட்டர் ரொம்ப நல்லா இருந்தது. ஆஸ்பத்திரிக் கமிட்டியில நானே சத்தமா வாசிச்சேன்."

"அது பொய்."

"ஞானமுத்து காலைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் காலை நான்தான் பார்த்தேன்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி, நானும்தான் அவர்ட்ட கேக்கல. இப்ப வண்டி ஓடுமா?"

"ஓடும் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது."

"இப்பத்தான் நம்புற மாதிரி பேசறீங்க. இன்னைக்கு மகாராஜபுரத்துல முகாம். அங்க போய்த் திரும்புவோம். எங்கயும் நிக்கக்கூடாது. நின்னா, சாயங்காலம் வர்றவருக்கு வண்டியக் குடுத்துடுவேன்."

மருந்துப் பெட்டிகள், இரண்டு நர்ஸுகள், டாக்டரம்மா, நான். ஞானமுத்து காலைத் தூக்கிக் கட்டையில் வைத்தார். கியர் நெம்புகோலைத் தள்ளினார். வேன் நகர்ந்தது. பத்து மைல்வரை நான் சாலையோரக் கற்களை எண்ணிக்கொண்டே போனேன். முகாம் முடிந்து திரும்பும் வழியில் வ. புதுப்பட்டி தாண்டி, முன்பு நின்றுபோன இடம் வந்தபோது, எனக்கு இன்ஜின் சத்தம் ஏறுவதுபோலவே கேட்டது.

"கத்துகிறதோ?" என்றேன்.

"இல்ல டீச்சர். அது உங்க நெஞ்சு," என்றார் ஞானமுத்து, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போகும்போதும் வரும்போதும் எங்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, மதுரைக்காரரை வர வேண்டாம் என்று போன் செய்ய ஆபீசுக்கு உத்தரவு. இரண்டாவது, என்னிடம்: "இனிமே சர்வீஸ் நடக்கும்போது ஞானமுத்து பக்கத்துல நிப்பார். அவர் சரின்னு சொல்லாம யாரும் எதையும் மூடக்கூடாது."

அன்றிலிருந்து, வண்டி ஓட்டுபவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே வண்டியின் வேலை விவரம் குறிக்கும் ஜாப் கார்டின் முதல் வரியாக எழுதுவதை வழக்கமாக்கினேன். என் கருத்துக்குக் கீழே ஒரு வரி ஒதுக்கினேன். பல நாள் அதை வெறுமையாகவே விட்டேன். கையேட்டின் முதல் பக்கத்தைக் கடைசிப் பக்கத்தைவிட அதிகம் படித்தேன். தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். கற்பதற்கு இன்னொருவருடைய பிழைப்பைப் பணயம் வைத்தேன் என்பதை மட்டும் மறப்பதில்லை.

அந்த வேன் தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை ஓடியது. ஒவ்வொரு சர்வீசுக்கும் ஞானமுத்து சேம்பருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, இடது காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். யாரும் வண்டியைத் தொடுவதற்கு முன்னால், "கையக் காட்டுங்க," என்பார். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே காட்டுவார். அண்ணாச்சி அந்தப் பக்கம் வந்தால் அவரும் காட்டுவார். கடைசியில் என் முறை. உள்ளங்கை, புறங்கை இரண்டையும் திருப்பித் திருப்பிக் காட்டுவேன். ஒருமுறை என் சுண்டுவிரல் நகத்தடியிலிருந்து ஓர் இழையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊதிப் பறக்கவிட்டார்.

"போயி இன்னொருக்கா கழுவிட்டு வாங்க டீச்சர்."

போய்க் கழுவிவிட்டு வந்தேன்.